ஊதி அணைத்த கற்பூரம்

பாதுகாப்பு அலுவலர்களாகப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். மேசை கிடைத்திருக்கும், நாற்காலி இன்னும் வந்திருக்காது. குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பயிற்சியில் பிரிவு பிரிவாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே நானும் ஒருமுறை ஒப்பித்தால் உங்களுக்குத் தூக்கம்தான் வரும். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், அதற்குத் தூங்க மாட்டீர்கள்.

ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் காபியைச் சூடு ஆறுவதற்கு முன்பே குடிக்க முடிகிறது, அதுவே பெரிய மரியாதையாகத் தெரிகிறது. காஞ்சிபுரத்தில் இத்தனை வருஷம் பார்த்த வேலையில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. நான் சொல்லப்போகும் இந்தக் கோப்பிலும் கடைசியில் மனக்குறை இல்லை, ஆனால் அந்தக் கடைசிக்கு வந்து சேர நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போகாமல் அலுவலகம் போனதில்லை. கைப்பையில் பேனா இல்லாமல் இருந்திருக்கிறேன், குங்குமப் பொட்டலம் இல்லாமல் இருந்ததில்லை. சாமியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் மகேஸ்வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயது, பட்டு நெய்கிறவள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கணவனும் மாமியாரும் வீட்டை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திப் பத்து நாள் ஆகிவிட்டது, ஐயம்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன் என்றாள்.

நடந்தது இதுதான். அந்த வீட்டில், மாதத்தில் மூன்று நாள் பெண்கள் தறியைத் தொடக்கூடாது. தறி லட்சுமி என்பது அவர்கள் வழக்கம். கல்யாணச் சேலை ஒன்று அவசரமாக முடிக்க வேண்டியிருந்ததால் அந்த மாதம் மகேஸ்வரி யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்து நெய்துவிட்டாள். மாமியார் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து கரையில் ஜரிகை இழை இரண்டு அறுந்துவிட, தீட்டுதான் காரணம் என்று வீடு இரண்டுபட்டது. கணவன் குமரேசன் தறியோரம் கிடந்த கட்டையை எடுத்து அந்தக் கையிலேயே அடித்தான்.

“தறிதாம்மா எனக்குச் சோறு போடுது. அதுக்கு எங்கிட்ட இன்னா தீட்டு?” என்று கேட்டாள்.

என் வீட்டிலும் அந்த மூன்று நாள் கணக்கு உண்டு. ஆகவே நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “என் வூட்ல நான் இருக்கணும், என் தறியில நான் நெய்யணும், அவரு கை நீட்டக்கூடாது” என்றாள். விவாகரத்து வேண்டாம், போலீஸ் வேண்டாம். இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சட்டமும் இதைத்தான் தருகிறது. ஒரு மனைவி தான் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழலாம், அதற்கு நீதிமன்றம் உத்தரவு போடும். நான் செய்ய வேண்டியது அறிக்கை எழுதி அனுப்புவது. அறிக்கையோடு வைக்க அரசு மருத்துவமனைச் சீட்டு ஒன்றையும் கொடுத்தாள். அதைப் படிக்காமல் கோப்பில் சொருகினேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கைக்கு முன்னால் வீட்டை ஒரு நடை பார்த்துவிடலாம் என்று மகேஸ்வரியையும் அழைத்துக்கொண்டு போனேன். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. நான் உள்ளே நுழைந்து பத்து நிமிஷத்தில் தெருவில் ஒவ்வொரு தறியாகச் சத்தம் நின்றது. நாற்பது பேர் வாசலில் கூடிவிட்டார்கள். மாமியார், “எம்புள்ள ஒரு ஈ எறும்பைக்கூட அடிக்க மாட்டான், இவ படியில வுழுந்துட்டுப் பழி போடறா” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். குமரேசன் கையைக் கட்டிக்கொண்டு தூண் ஓரம் நின்றான். குடிகாரன் மாதிரியோ முரடன் மாதிரியோ இல்லை. நன்றாகத் தலை சீவியிருந்தான்.

தெருச் சங்கத் தலைவர் முன்னால் வந்தார். வெள்ளை வேட்டி, வெற்றிலை வாய், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பேச்சை நீங்களும் தினம் ஒரு முறை கேட்கப் போகிறீர்கள், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

“தப்பா நினைக்காதம்மா. இந்தச் சட்டம் வந்ததுலேர்ந்து பொம்பளைங்களுக்குக் குளிர் விட்டுப் போச்சு. புருசன் பொஞ்சாதிக்குள்ள கை நீட்றது முன்ன இல்லியா? அப்ப எந்தக் குடும்பம் கெட்டுது? சட்டம் கோர்ட்ல இருக்கட்டும். இங்க முனையில ஆத்தா இருக்குறா. அவன் கற்பூரம் அடிக்கட்டும். அடிச்சிட்டான்னா விவகாரம் முடிஞ்சுது. பயந்தான்னா நீ கேஸ் போடு, நானே சாட்சி சொல்றேன்.”

எரிகிற கற்பூரத்தை அம்மன் முன்னால் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு வம்சத்தோடு கேடு வரும் என்பார்கள்.

நான் அங்கே சொல்லியிருக்க வேண்டிய பதில் மூன்றே சொல்: அது என் வேலையில்லை. சொல்லவில்லை. ஏன் என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அன்று இன்னும் இரண்டு விசாரணை பாக்கி. வெயில். நாற்பது பேர் பார்வை. அது மட்டுமில்லை, எனக்கே அந்த யோசனை பிடித்திருந்தது. ஆடி வெள்ளியில் அம்மன் முன்னால் எவன் பொய் சொல்வான்? பயந்து பின்வாங்குவான், தெருவே சாட்சியாகும், வழக்குக்கு வலு சேரும் என்று கணக்குப் போட்டேன். புத்தகத்தில் இல்லாத சாமர்த்தியம் எனக்கு இருக்கிறது என்ற நினைப்பு வேறு.

“உனக்குச் சம்மதமாம்மா?” என்று மகேஸ்வரியைக் கேட்டேன். அவள் பேசவில்லை. சரி, சம்மதம்தான் என்று நான் கோயிலைப் பார்த்து நடந்தேன். பேசாமல் நிற்கிற பெண்ணைச் சம்மதித்தவள் என்று எடுத்துக்கொண்ட எத்தனையோ ஆண்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து நான் கடிந்துகொண்டிருக்கிறேன். அன்று யாராவது என்னை உட்கார வைத்திருக்க வேண்டும்.

கோயில் சின்னது, எல்லோரும் உள்ளே கொள்ளவில்லை. பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றிக் குமரேசன் முன்னால் நீட்டினார். சங்கத் தலைவர், “‘எம்பொண்ணு மேல சத்தியமா நான் அவளை அடிக்கல’ன்னு சொல்லிக் கற்பூரத்த அடி” என்றார். குமரேசன் பின்வாங்கவில்லை. வலது கையை நேராக நீட்டினான். என் கணக்கு அங்கேயே தப்பிவிட்டது. அந்த நேரத்தில் மகேஸ்வரி இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து தட்டை இழுத்து, வாயால் ஊதிக் கற்பூரத்தை அணைத்துவிட்டாள்.

எங்கள் வீடுகளில் சாமி விளக்கைக்கூட வாயால் ஊத மாட்டோம். அம்மனுக்கு ஏற்றிய கற்பூரத்தை ஊதினால் என்ன ஆகும்? கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மாமியார் மண் வாரித் தூற்றினார். மகேஸ்வரி, “எம்மேலதான் தப்பு. நான் படியிலதான் வுழுந்தேன். வுட்ருங்க” என்று சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போய்விட்டாள்.

“பாத்தியாம்மா, ஆத்தா முன்னாடி உண்மை வந்துச்சு” என்றார் தலைவர்.

எனக்குக் கோபம். அவள் மேல்தான். என்னை ஊருக்கு நடுவில் அசடாக்கிவிட்டாளே என்று. அலுவலகம் திரும்பியதும், ‘மனுதாரர் தன் புகார் தவறு என்று பொதுமக்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டு திரும்பப் பெற்றார்’ என்று எழுதிக் கோப்பை முடித்தேன். அடுத்த ஒன்றரை மாதம் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்கூட என் அலுவலகத்துக்கு வரவில்லை. தெரு திருந்திவிட்டது என்று நினைத்தேன், பாருங்கள்.

பிறகு ஒருநாள் ஐயம்பேட்டையில் வேறொரு விசாரணை முடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிர் இருக்கையில் மகேஸ்வரி. மடியில் டிபன் டப்பா. முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? பிள்ளையார்பாளையத்தில் இன்னொருவர் வீட்டுத் தறிக்குக் கூலிக்கு நெய்யப் போகிறாளாம். தினமும் தன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டுமாம்.

அவளோடு நானும் இறங்கினேன். டீக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்று, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “ஏம்மா எங்கிட்ட வந்து பொய் சொன்ன?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“பொய் சொன்னது அவருதாம்மா. நான் இல்ல. அந்தப் பொய்யோட கற்பூரத்தை அடிச்சிருந்தார்னா அது எங்க போவும்? பாப்பா மேல சத்தியம் பண்ணச் சொன்னாங்களே, நீங்களும் நின்னுக்கினு இருந்தீங்களே. அது பாப்பா மேலதானம்மா வுழும்? வூடு போனாப் போவுது. கற்பூரத்தை ஊதுன பாவம் எம்மேல வுழட்டும்.”

டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மகள் மேல் யாராவது பொய்ச் சத்தியம் செய்ய வந்தால் நானும் ஊதித்தான் அணைத்திருப்பேன். சாமி நம்பிக்கை உள்ள எனக்கு இது அந்த நிமிஷமே புரிந்திருக்க வேண்டும். சாமிக்குப் பயப்படுகிறவள் தோற்று, பயப்படாதவன் ஜெயிக்கிற மாதிரி ஒரு போட்டியை வைத்துவிட்டு, தோற்றவளைப் பொய்க்காரி என்று கோப்பில் எழுதியிருக்கிறேன். அவள் வீட்டைப் பறித்தது புருஷன் பாதி, நான் பாதி. வெட்கமாக இருந்தது, அவளிடம் சொல்லவும் செய்தேன். “தெரியாமப் பண்ணிட்டேம்மா, மன்னிச்சுக்கோ” என்றதற்கு, “டீ ஆறுதும்மா” என்றாள்.

அலுவலகம் போய் அந்த மருத்துவமனைச் சீட்டை முதல் முறையாகப் படித்தேன். ‘வலது மணிக்கட்டு வீக்கம். மாடிப்படியில் விழுந்ததாக உடன் வந்தவர் கூறினார்.’ உடன் போனவர் மாமியார். நான் அந்த வீட்டில் கால்மணி நேரம் நின்றிருக்கிறேன். ஓட்டு வீடு. மாடியே கிடையாது. வாசலில் ஒரே ஒரு படி, அதுவும் அரையடி உயரம். அன்றே இதைப் படித்திருந்தால் கற்பூரமும் வேண்டாம், சாமியும் வேண்டாம்.

திரும்ப வழக்குப் போட மகேஸ்வரி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வேண்டாம் என்று இல்லை. “கோர்ட்லயும் சத்தியம் பண்ணச் சொல்வாங்களே” என்பதுதான் அவள் பயம். யோசித்துப் பார்த்துச் சொன்னேன். கோர்ட்டில் இரண்டு விதம் உண்டு, கடவுள் பெயரால் சொல்லலாம், இல்லாவிட்டால் உளமார உறுதி கூறுகிறேன் என்று சொல்லலாம், மந்திரிகள் பதவி ஏற்கும்போது சிலர் சொல்வார்களே அது மாதிரி.

“அதுல சாமி வராதா?”

“வராது.”

“அப்ப அவருக்கு அதைக் குடுக்கச் சொல்லுங்க. அதுல எவ்ளோ வேணா பொய் சொல்லிக்கட்டும், பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது.”

எதிராளியின் பொய்க்குக்கூட வசதி செய்து தரச் சொன்ன ஒரே மனுதாரர் இவள்தான்.

அறிக்கை எழுதும்போது அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். “புதுப் புகார்னு எழுதிடுங்க மேடம். பழசை யார் தோண்டப் போறா? ரிட்டயர்மெண்டுக்கு மூணு வருஷம் இருக்கிற நேரத்துல உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கணுமா?” நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் ஆசை வந்தது. ஆனால் எதிர்க்கட்சி வக்கீல் முதலில் எடுக்கப்போவதே நான் எழுதிய அந்த வரிதான். ‘கோயிலில் பொய்யென்று ஒப்புக்கொண்டவள்’ என்பார். அது எப்படி வந்தது என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். கோயிலுக்கு அழைத்துப் போனது என் ஏற்பாடு, அவள் சம்மதத்தைப் பெறவில்லை, குழந்தைக்கு ஆபத்து வரும் என்ற அச்சத்தில் அவள் பின்வாங்கினாள், அதைப் புகார் திரும்பப் பெற்றதாக எழுதியது என் பிழை. இப்படியே எழுதினேன். விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன், பேரன் பேத்திகளுக்குக் காட்ட.

மாஜிஸ்ட்ரேட் என் மகள் வயதுப் பெண். மகேஸ்வரியின் வேண்டுகோளைச் சொன்னபோது சிரிக்கவில்லை. “அந்த உரிமை சொல்பவருக்குத்தான் மேடம். நாம் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டையும் படித்துக் காட்டச் சொல்கிறேன், அவர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்” என்றார். அதை வந்து சொன்னதும் மகேஸ்வரியின் முகம் சுண்டிவிட்டது. கோயிலில் அத்தனை பேர் முன்னால் கை நீட்டியவன் இங்கே தயங்குவானா? அவள் எழுந்து ‘வுட்ருங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த முறை வீடு நிரந்தரமாகப் போய்விடும்.

குமரேசன் கூண்டில் ஏறினான். எழுத்தர் இரண்டையும் படித்தார். எது என்று கேட்டார்.

அவன் திரும்பி மகேஸ்வரியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அன்று கோயிலிலும் கையை நீட்டிக்கொண்டு இவளைத்தான் பார்த்தான் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மகேஸ்வரி என் பக்கத்தில் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்துவிடுவாள் என்றே நினைத்தேன். அவளைத் தொடக்கூடாது, ஒன்றும் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருமுறை அவளுக்காக நான் முடிவெடுத்தது போதும். அவள் எழவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

“சீக்கிரம் சொல்லுங்கள்” என்றார் மாஜிஸ்ட்ரேட்.

“சாமி வேணாங்க. அந்த இன்னொண்ணு” என்றான் குமரேசன். அவன் வக்கீலுக்கே முகம் மாறிவிட்டது.

மாடிப்படி எங்கே இருக்கிறது என்று அவனைக் கேட்டார்கள். “எங்க வூட்ல மாடி இல்லீங்க” என்றான். பொய் சொல்ல எவ்வளவோ வசதி செய்து கொடுத்திருந்தும் அங்கே அவன் சொல்லவில்லை. அதற்காக அவன் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது உண்மை.

உத்தரவு வந்தது. மகேஸ்வரியும் குழந்தையும் அந்த வீட்டில் வாழலாம், தறியில் வேலை செய்யத் தடை கூடாது, அவன் கை ஓங்கக்கூடாது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜெயிச்சிட்டோம்மா” என்றேன்.

“நல்ல வேள, சாமி பேரைச் சொல்லல. பாப்பா தப்பிச்சுது” என்றாள்.

“கோயில்ல அன்னிக்கு நீ ஊதலன்னா அவர் நிஜமா அடிச்சிருப்பாரா?”

மகேஸ்வரி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “அவரா? நான் தடுப்பேன்னு தெரிஞ்சுதான கைய நீட்டுனாரு. அவருக்கும் புள்ளதானம்மா அது.”

“தெரிஞ்சுமா ஊதுன?”

“ஒருவேள அடிச்சிட்டார்னா?”

பிள்ளைகளே, உங்கள் மேசைக்கு முன்னால் நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்து, “எம்மேலதான் தப்பு, விட்ருங்க” என்பார்கள். அப்போது பேனாவை மூடி வைத்துவிட்டு, யாரைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று கேளுங்கள். அவள் நம்பிக்கையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அதை வைத்து அவளைச் சோதிக்கவும் செய்யாதீர்கள், உங்களுக்கே அந்த நம்பிக்கை இருந்தாலும். கொண்டுவந்த சீட்டை முதலில் படியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகத்தான் போனேன். உள்ளே தறிச் சத்தம் கேட்டது. மாமியார் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். கூப்பிட்டார்.

“முப்பது நாளும் தறியில ஒக்காந்துக்கினு இருக்குறா மேடம். கேட்டா கோர்ட்டுன்றா. இதைக் கேக்கறதுக்கு உங்க சட்டத்துல ஒண்ணும் இல்லியா?”

“இல்லம்மா” என்றேன். அவர் முறைத்துக்கொண்டே கிள்ளிக் கொடுத்த பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முனைக் கோயிலுக்கு நடந்தேன்.